உஷார்! 'நானோ' என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்

கீமோ வேண்டாம், முடி கொட்டாது, நானோ மருந்து நேரே கட்டியில் மட்டும் போய் வேலை செய்யும் என்று யார் சொன்னாலும், விக்கிரமங்கலத்து மக்களே, உஷாராகிவிடுங்கள். சொன்னவர் சொந்தக்காரராக இருந்தாலும் சரி, வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவாக இருந்தாலும் சரி.

நானோ மருந்து நிஜமாகவே இருக்கிறது. பாதி உண்மை கலந்த பேச்சு என்பதால்தான் எனக்குப் பயமே. டாக்ஸோரூபிசின் என்ற பழைய கீமோ மருந்தை நுண்ணிய கொழுப்பு உறைக்குள் அடைத்துத் தர 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பாக்லிடாக்செலை அல்புமின் புரதத்தோடு சேர்த்த மருந்து 2005-ல் வந்தது. இரண்டு வகையும் நம் நாட்டில் கிடைக்கின்றன, இரண்டுமே கீமோதான். மருத்துவமனையில், புற்றுநோய் மருத்துவரின் கண்காணிப்பில், ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். அல்புமின் மருந்தில் பெரும்பாலானவர்களுக்கு முடி கொட்டும். கொழுப்பு உறை மருந்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியலாம். ஏற்றும்போதே சிலருக்கு மூச்சு முட்டும். பக்கவிளைவே கிடையாது என்று பொட்டலத்திலோ பாட்டிலிலோ நானோ புற்றுநோய் மருந்தை ஒருவர் நீட்டினால், தொடாதீர்கள்.

கட்டிக்கு மட்டும் போகும் என்பதும் மிகைப் பேச்சு. பத்து ஆண்டு விலங்குச் சோதனைகளைத் திரட்டிப் பார்த்த டொராண்டோ ஆய்வாளர்கள், ஏற்றிய துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான் என்று 2016-ல் எழுதினார்கள். ஈரலும் மண்ணீரலுமே பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன.

மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். சாதா டாக்ஸோரூபிசினும் கொழுப்பு உறைக்குள் அடைத்த 'லிபோசோமல்' டாக்ஸோரூபிசினும் ஒன்றல்ல, அளவே வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றதை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் உள்ள பெயரும் குப்பியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். பில் கேளுங்கள். 2024 மார்ச்சில் டெல்லியில் ஒரு கும்பல் பிடிபட்டது. விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளை வாங்கி, பூஞ்சை நோய்க்கான மருந்தை நிரப்பி விற்றார்கள் என்றது போலீஸ். மருத்துவமனை ஊழியர்களும் கைதானார்கள். ஆகவே குப்பியின் முத்திரையை உங்கள் கண்ணெதிரே உடைக்கச் சொல்லுங்கள். காலிக் குப்பியை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

"இது ஆராய்ச்சி மருந்து, இத்தனை லட்சம் கட்டுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆராய்ச்சிச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. புரிகிற மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

தாலியை அடகு வைக்குமுன், நிலத்துக்கு முன்பணம் வாங்குமுன், அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். சந்தேகம் வந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கீமோவை மட்டும் யார் பேச்சைக் கேட்டும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.