சட்டை அணிவதும் ஒரு பாடம்: சிறப்புக் கல்வியின் தொடக்க வகுப்பில் குழந்தைகள் கற்பவை

அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைகளுக்கெனத் தமிழ்நாட்டில் நடத்தப்படும் சிறப்புப் பள்ளிகளின் தொடக்க நிலை வகுப்பில் தமிழும் கணக்கும் உண்டு. அவற்றோடு பல் துலக்குதல், சோற்றைப் பிசைந்து சிந்தாமல் உண்ணுதல், கழிவறைத் தேவையை உரிய நேரத்தில் தெரிவித்தல், சட்டை அணிதல், தன் முறை வரும்வரை காத்திருத்தல் ஆகியனவும் பாடங்களாகவே திட்டமிட்டுக் கற்பிக்கப்படுகின்றன. வெளியிலிருந்து காண்போர் பலர் இதனைப் பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் பணி என்று எண்ணிவிடுகின்றனர். அந்த எண்ணம் குழந்தைக்குத் தீங்கு செய்வது. ஏனெனில் பார்த்துக்கொள்பவர் குழந்தைக்காக ஒரு செயலைச் செய்து முடித்துவிடுகிறார், கற்பிப்பவரோ அச்செயலைக் குழந்தையே செய்யும் நாள்வரை பொறுத்திருந்து, அந்த நாளை விரைவுபடுத்துவதற்கான வழியைத் தேடுகிறார்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அவற்றுள் அறிவுசார் குறைபாடு என்பது, பகுத்தறிதல், கற்றல், சிக்கலுக்குத் தீர்வு காணுதல் போன்ற அறிவுச் செயல்பாடுகளில் மட்டுமன்றி, அன்றாட வாழ்வுக்கும் சமூகப் பழக்கத்துக்கும் வேண்டிய நடைமுறைத் திறன்களிலும் குறிப்பிடத்தக்க வரம்பு காணப்படும் நிலையைக் குறிக்கும். இந்த இரண்டாம் பகுதியைத் தகவமைப்பு நடத்தை என்பர். அதாவது தன் வயதுக்கும் சூழலுக்கும் ஏற்ப ஒருவர் தம்மைத் தாமே கவனித்துக்கொண்டு பிறரோடு பழகும் திறன். பிற குழந்தைகள் செருப்பு மாட்டுவதையும் தண்ணீர் கேட்பதையும் வீட்டாரைப் பார்த்துப் பார்த்தே பழகிக்கொள்கின்றனர். யாரும் அவர்களுக்கு அதனை ஒரு பாடமாக நடத்த வேண்டியதில்லை. அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைக்கு அந்தப் பார்த்துப் பழகுதல் எளிதில் நிகழ்வதில்லை. ஆகவே மற்றவர்கள் கற்றோம் என்று அறியாமலேயே கற்றவற்றை எல்லாம் இங்கே வெளிப்படையாக எடுத்து, படி பிரித்து, மீண்டும் மீண்டும் பயிற்றுவிக்க வேண்டியிருக்கிறது.

எவற்றைக் கற்பிப்பது என்பதை ஆசிரியர் எவ்வாறு முடிவு செய்கிறார் என்ற வினாவுக்குச் சென்னையிலேயே உருவான ஒரு விடை உண்டு. விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்ற நிறுவனத்தில் பி. ஜெயச்சந்திரன், வி. விமலா ஆகியோர் வகுத்த ‘மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ என்னும் மதிப்பீட்டுக் கருவி, குழந்தையின் திறன்களை 18 களங்களாகப் பிரித்து, களத்துக்கு 20 என மொத்தம் 360 கூறுகளை எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் வரிசையில் அடுக்குகிறது. உடலின் பெருந்தசை இயக்கம், விரல்களின் நுண்ணியக்கம், உண்ணுதல், உடுத்தல், தூய்மை, கழிவறைப் பழக்கம், பிறர் பேச்சைப் புரிந்துகொள்ளுதல், தான் சொல்ல நினைப்பதை வெளிப்படுத்துதல், பழகுதல், படித்தல், எழுதுதல், எண், நேரம், பணம், வீட்டு வேலை, வெளியிடங்களை அறிதல், பொழுதுபோக்கு, தொழில் முன்பயிற்சி என்று அந்தக் களங்கள் விரிகின்றன. ஒவ்வொரு கூறும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கத்தக்க ஒரு செயலாக, உடன்பாட்டுச் சொற்களிலேயே எழுதப்பட்டிருப்பது இக்கருவியின் சிறப்பு. குழந்தையால் எது முடியவில்லை என்ற பட்டியலாக அமையாமல், இதுவரை எந்தப் படியை அடைந்துள்ளது, அடுத்த படி எது என்று அது காட்டுவதால், மதிப்பீடு முடியும் இடத்திலேயே பாடத்திட்டம் தொடங்கிவிடுகிறது.

செகந்தராபாதில் 1984-இல் நிறுவப்பட்ட, அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் வெளியிட்ட செயல்முறை மதிப்பீட்டுப் பட்டியலும் நாடெங்கும் சிறப்புப் பள்ளிகளில் பயன்பாட்டில் உள்ளது. முன்தொடக்க நிலை, தொடக்க நிலை, இடைநிலை, தொழில் முன்நிலை என்று வகுப்புகளைப் பிரிக்கும் அப்பட்டியலின்படி, ஒரு நிலைக்குரிய திறன்களில் 80 விழுக்காட்டை எட்டிய குழந்தை அடுத்த நிலைக்குச் செல்லும். இதனால் ஒரே வகுப்பில் எட்டு வயதுக் குழந்தையும் பதினோரு வயதுக் குழந்தையும் அருகருகே அமர்ந்திருப்பது இயல்பு.

மதிப்பீட்டுக்குப் பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே எழுதப்படும் ஆவணம் தனிநபர் கல்வித் திட்டம் எனப்படும். குழந்தையின் இன்றைய நிலை, ஆண்டு இலக்கு, மூன்று மாதத்துக்குள் அடைய வேண்டிய குறுகிய கால இலக்குகள், அவற்றுக்கான முறையும் கருவிகளும் அதில் இடம்பெறும். இலக்கை எழுதும் மொழியில்தான் ஆசிரியரின் திறமை தெரியும். ‘உடுத்தும் பழக்கத்தை மேம்படுத்துதல்’ என்று எழுதினால் அது நிறைவேறியதா என்பதை யாராலும் சொல்ல முடியாது. ‘முன்புறம் திறந்த, பெரிய பொத்தான்கள் கொண்ட சட்டையைக் கொடுத்தால், ஐந்து முறையில் நான்கு முறை சொல் உதவியின்றிப் பொத்தான்களை மாட்டுவான்’ என்று எழுதினாலோ, தாயும் ஆசிரியரும் ஒரே செயலைப் பார்த்து ஒரே முடிவுக்கு வர இயலும்.

அந்தச் சட்டைப் பாடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஒரே செயலாகத் தோன்றும் பொத்தான் மாட்டுதலை ஆசிரியர் முதலில் படிகளாகப் பிரித்துக்கொள்கிறார்; இதற்குச் செயல் பகுப்பாய்வு என்று பெயர். சட்டையின் இரு ஓரங்களையும் ஒன்றுசேர்த்தல், ஒரு கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொத்தானின் விளிம்பைப் பிடித்தல், மற்றொரு கையால் துளையை விரித்துப் பிடித்தல், பொத்தானைத் துளைக்குள் பாதியளவு செலுத்துதல், மறுபுறம் எட்டிப் பார்க்கும் பாதியைப் பிடித்தல், துணியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பொத்தானை முழுதும் வெளியே கொணர்தல் என்று ஆறு படிகளாவது அதில் அடங்கும். பல ஆசிரியர்கள் இப்படிகளை இறுதியிலிருந்து கற்பிக்கின்றனர். முதல் ஐந்து படிகளையும் ஆசிரியரே செய்துவிட்டு, பாதி வெளிவந்த பொத்தானை இழுத்து முடிப்பதை மட்டும் குழந்தையிடம் விடுகிறார். அது கைவந்தபின் கடைசி இரண்டு படிகள், பின்னர் மூன்று என்று குழந்தையின் பங்கு வளர்கிறது. பின்னோக்குத் தொடர்முறை எனப்படும் இந்த வழியில் ஒவ்வொரு முயற்சியும் குழந்தையின் கையாலேயே நிறைவுறுவதால், முதல் நாளிலேயே அது ஒரு செயலை முடித்த மகிழ்வை அடைகிறது. முதல் படியில் தொடங்கித் தடுமாறி நடுவிலேயே கைவிடும் சோர்வு நேர்வதில்லை.

படிகளுக்கு இணையாக உதவியும் அளந்தே தரப்படுகிறது. குழந்தையின் கையின்மேல் தன் கையை வைத்துச் செய்யவைப்பது உடல் உதவி; சுட்டிக்காட்டுவது சைகை உதவி; ‘துளைக்குள்ளே விடு’ என்று சொல்வது சொல் உதவி. மிகுதியான உதவியில் தொடங்கி அதனைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொள்வதே முறை என்பதால், எந்தப் படியில் எவ்வகை உதவி தேவைப்பட்டது என்பதை ஆசிரியர் அன்றன்றே குறித்துவைக்கிறார். இக்குறிப்பின்றி, குழந்தை முன்னேறுகிறதா, அல்லது ஆசிரியரின் கையையே நம்பிப் பழகிவிட்டதா என்று அறிய வழியில்லை. சரியாகச் செய்தபோது உடனே கிடைக்கும் பாராட்டோ விருப்பமான விளையாட்டுப் பொருளோ வலுவூட்டல் எனப்படும். அது தாமதித்தால் எதற்காகக் கிடைத்தது என்று குழந்தைக்குப் புரியாமல் போய்விடும்.

இவ்வகுப்பின் அலமாரியில், மரச்சட்டத்தில் இரு துணித் துண்டுகளை இழுத்துப் பொருத்திப் பொத்தான்களும் கொக்கிகளும் தைத்த பயிற்சிச் சட்டகம் பெரும்பாலும் இருக்கும். அது மரியா மாண்டிசோரியின் கொடை. உரோம் நகரில் அறிவுசார் குறைபாடு உடைய குழந்தைகளுடன் பணியாற்றியபோது, பிரெஞ்சு மருத்துவர் எடுவார் செகானின் முறைகளைப் பின்பற்றித் தாம் கண்டறிந்தவற்றையே அவர் 1907-இல் தொடங்கிய ‘குழந்தைகள் இல்ல’த்தில் ஏனைய குழந்தைகளுக்கும் பயன்படுத்தினார், 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். இன்று மிகுந்த கட்டணம் வாங்கும் மழலையர் பள்ளிகளில் பெற்றோர் வியந்து பார்க்கும் கருவிகள் பலவும், கற்க இயலாதவர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்து உலகம் பெற்றவை என்பது பரவலாக அறியப்படாதது வருத்தத்துக்குரியது.

பேச்சு வராத குழந்தைக்குத் தகவல் தொடர்பே முதற்பாடம். தண்ணீர் வேண்டும் என்று சொல்ல இயலாதபோது குழந்தை அழுகிறது, பொருளை எறிகிறது, தன்னையே அடித்துக்கொள்கிறது. அடம் என்று பெயரிடப்படும் நடத்தையின் பின்னே பல வேளைகளில் இருப்பது சொல்ல முடியாத ஒரு தேவையே. அமெரிக்காவில் 1985-இல் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகியோர் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையில், குழந்தை தனக்கு வேண்டிய பொருளின் படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுக்கிறது, உடனே அப்பொருள் அதற்குக் கிடைக்கிறது. சுட்டிக்காட்டுவதோடு நில்லாமல் ஒருவரிடம் சென்று கொடுக்கவேண்டியிருப்பதால், பேச்சின் அடிப்படையான ‘ஒருவரை நோக்கிக் கேட்டல்’ அங்கே பழக்கமாகிறது. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ‘ஆவாஸ்’ செயலியில் படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல் ஒலிக்கும். இத்தகைய கருவிகளைத் தந்தால் குழந்தை பேசவே முயலாது என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு; அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதே பேச்சுப் பயிற்சியாளர்களின் நிலைப்பாடு.

எழுத்துப் பாடத்தில் தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் எழுகின்றன. 247 எழுத்துகளையும் வரிசைப்படி முடித்த பிறகே சொல்லுக்குச் செல்வது என்று வைத்துக்கொண்டால், இவ்வகுப்புக் குழந்தைகளில் பலர் பள்ளிப் பருவம் முழுவதையும் எழுத்திலேயே கழித்துவிடுவர். மேலும் ‘கெ’, ‘கை’ போன்றவற்றில் உயிரின் குறி எழுத்துக்கு முன்னே நிற்க, அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்பதில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இதனால் தேர்ந்த ஆசிரியர்கள் சொல்லை முழு வடிவமாகவே முதலில் அறிமுகப்படுத்துகின்றனர். குழந்தையின் பெயர், அம்மா, அப்பா, ஆண், பெண், ஆபத்து, நில், ஊரின் பெயர், பேருந்து எண் ஆகியன முதலில் வருகின்றன. பொருளோடு பொருளைப் பொருத்துதல், படத்தோடு படத்தைப் பொருத்துதல், பின்னர் படத்தோடு சொல்லைப் பொருத்துதல் என்ற வரிசையில் படிப்பு நகர்கிறது. வீட்டில் ‘தண்ணி’ என்று கேட்டுப் பழகிய குழந்தைக்கு அட்டையில் ‘தண்ணீர்’ என்று இருப்பது வேறொரு சொல்லாகவே தோன்றக்கூடும் என்பதால், பேச்சு வடிவத்தை ஏற்றுக்கொண்டே எழுத்து வடிவத்துக்கு அழைத்துச் செல்லும் பொறுமையும் வேண்டும்.

கணக்கும் இவ்வாறே கையால் தொடும் பொருளில் தொடங்குகிறது. ஒன்று முதல் ஐம்பதுவரை பாட்டாகச் சொல்லும் குழந்தை, மூன்று தட்டு எடுத்துவா என்றால் கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து வருவதுண்டு; எண்ணின் பெயரை ஒப்பிப்பதும் எண்ணிக்கையை அறிவதும் வேறுவேறு திறன்கள். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு டம்ளர் என்று பொருத்துவதிலிருந்து எண்ணிக்கை பிறக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை பிளாஸ்டிக் நாணயங்களைத் தவிர்த்து உண்மையான நாணயங்களையே பயன்படுத்துவது நல்லது. ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் தோற்றத்தில் நெருங்கியிருக்க, போலி நாணயத்தில் கற்றது கடைவாசலில் உதவாது. மீதிச் சில்லறையைக் கணக்கிட இயலாத குழந்தைக்கு, 27 ரூபாய் என்றால் மூன்று பத்து ரூபாய்த் தாள்களைக் கொடுத்துவிட்டு மீதிக்காகக் கை நீட்டுவது என்ற எளிய உத்தி பழக்கப்படுகிறது. பெட்டிக்கடையிலும் கைப்பேசியால் பணம் செலுத்தும் இக்காலத்தில் குழந்தை பணம் கைமாறுவதையே அரிதாகத்தான் பார்க்கிறது. அந்த வாய்ப்பைப் பள்ளிதான் வலிந்து ஏற்படுத்தித் தரவேண்டியிருக்கிறது.

இவற்றோடு நலம் தரும் தொடுகையையும் தவறான தொடுகையையும் பிரித்தறிதல், வேண்டாம் என்று மறுத்தல், கூடி விளையாடுதல் ஆகியனவும் தொடக்க நிலையிலேயே கற்பிக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் கீழ்ப்படிவதையே நல்லொழுக்கமாகப் பழக்கிய குழந்தை தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்பதால், மறுக்கக் கற்பிப்பதைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது.

பள்ளியில் கற்றதை வீட்டிலும், ஒரு சட்டையில் கற்றதை வேறொரு சட்டையிலும் செய்து காட்டுவதைப் பொதுமைப்படுத்தல் என்பர். இப்படிப்பின் கடினமான பகுதி அதுவே. வகுப்பில் தானே உண்ணும் குழந்தைக்கு வீட்டில் ஊட்டிவிடப்படுகிறது. தாயைக் குறைகூற இதில் இடமில்லை. காலை எட்டு மணிக்குள் சமைத்து, குழந்தையைக் கிளப்பி, பேருந்தைப் பிடிக்க வேண்டியவருக்கு இருபது நிமிடம் காத்திருக்க நேரம் இல்லை. அதனால் அவசரம் இல்லாத மாலை வேளையையோ விடுமுறை நாளையோ தேர்ந்து, ஒரே ஒரு செயலை மட்டும் வீட்டுக்கு ஒப்படைக்கும் ஆசிரியரே பலன் காண்கிறார்.

எல்லாக் குழந்தைகளும் சிறப்புப் பள்ளிக்குச் செல்வதில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, 6 முதல் 14 வயதுவரை அனைவருக்கும் அருகமைப் பள்ளியை உறுதிசெய்கிறது. 2012-இல் வந்த திருத்தம் கடுமையான குறைபாடு உடையோர் வீட்டிலிருந்தே கற்கும் உரிமையைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமையை 18 வயதுவரை நீட்டித்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பயிலும் இத்தகைய குழந்தைகளை வட்டார வள மையங்களைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று கவனிக்கின்றனர். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை இக்குழந்தைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற விகிதம், உச்ச நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பைத் தொடர்ந்து 2022-இல் அறிவிக்கையாக வெளியானது. நாள்தோறும் பதிவுசெய்து, உதவியைப் படிப்படியாக விலக்கிக் கற்பிக்க வேண்டிய ஒரு பாடத்தை, வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் பயிற்றுநரால் நிறைவேற்ற முடியாது. ஆகவே இந்த விகிதத்தைப் பணியிடங்களாக நிரப்புவதே இத்துறையின் அவசரத் தேவை.

அதுவரை, எந்த வகைப் பள்ளியில் குழந்தை படித்தாலும், அதன் தனிநபர் கல்வித் திட்டத்தின் நகலைப் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும். இந்த மூன்று மாதத்துக்கு எந்த இலக்குகள் எழுதப்பட்டுள்ளன, அவற்றை அளப்பவர் யார், இன்று எந்தப் படியில் எவ்வகை உதவி தேவைப்பட்டது என்று வினவ வேண்டும். இதற்கு விடை சொல்லக்கூடிய குறிப்பேடு வகுப்பில் இருந்தால் அங்கே கற்பித்தல் நடக்கிறது என்று நம்பலாம்.