பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்

பிள்ளைகள் திரை பார்க்கும் நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே பழி பெற்றோர் மீதுதான் விழுகிறது. பள்ளியின் பங்கும் இதில் சிறிதல்ல. பகலில் ஸ்மார்ட் போர்டு, கம்ப்யூட்டர் லேப். மாலையில் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அம்மாவின் போனை வாங்கி, மங்கலான படத்தைப் பெரிதாக்கி, முகத்தருகே பிடித்துக்கொண்டு எழுதுகிறது. எழுதி முடித்த கையோடு வீடியோவும் ஓட ஆரம்பித்துவிடும்.

கண்ணுக்குள் நடப்பது

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைகிறது. கண் உலர்ந்து எரியும், தலை வலிக்கும். இவை ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். கிட்டப்பார்வை அப்படியல்ல. வெளியே போகாமல், புத்தகமோ போனோ அருகிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, வளரும் வயதில் கண்கோளம் அளவுக்கு மீறி நீண்டுவிடக்கூடும். நீண்ட கண் மறுபடி சுருங்காது. கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், அவ்வளவுதான். பவர் மிகவும் ஏறினால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயமும் கூடுகிறது. போர்டில் எழுதியது தெரியவில்லை என்று முன் பெஞ்ச் கேட்கும் பிள்ளையை உடனே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெயில் வெளிச்சம் போதும்

சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் அது 39.5 சதவீதம். 2015இல் வெளியான ஆய்வு இது. தைவான் பள்ளிகளோ 2010 முதலே தினமும் 120 நிமிட வெளிப்புற நேரத்தை இலக்காக வைத்துள்ளன. வெளியே இருக்கும் வெளிச்சம் வகுப்பறையில் இருப்பதைவிடப் பல மடங்கு. அந்த வெளிச்சம்தான் கண் நீள்வதைத் தடுக்க உதவுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். மரநிழலில் விளையாடினாலும் பலன் உண்டு.

எவ்வளவு நேரம்?

ஊரடங்கின்போது, 2020இல், மத்திய கல்வி அமைச்சகம் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆன்லைன் பாடத்துக்கு ஒரு நாளில் இரண்டு அமர்வுகள்தான் என்று வரையறுத்தது. ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். பள்ளியே மூடிக் கிடந்த காலத்துக்கான உச்ச அளவு அது. வகுப்பில் ஆசிரியர் நேரில் நிற்கும்போது அதைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் வகுப்பிலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொல்லலாம். வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிக் கொடுப்பதும் பெரிய வேலையல்ல.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் விவரம் கேட்பதோடு எழுந்துவிடாதீர்கள். பி.டி. பீரியடில் கணக்குப் பாடம் நடக்கிறதா என்றும் கேளுங்கள். நடக்கிறதென்றால், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.