கல்லமேட்டில் கரைந்த எலும்பு

கீழக்கரைக் கடலோரத்தில் சிப்பி பொறுக்கி விளையாடாத பிள்ளை நம் வீடுகளில் உண்டா? அதேபோன்ற சிப்பிகள் கல்லாய் இறுகிய நிலையில், இன்று கடலே இல்லாத அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அகப்படுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே அலையடித்தது. அக்கடல் பின்வாங்கிய நிலத்தில் டைனோசர் என்னும் பேருருவ ஊர்வன நடமாடின.

அரியலூரை அடுத்த கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளைப் பற்றி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவரும் 1987இல் உலகுக்கு அறிவித்தனர். கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம்! புருகத்காயோசாரஸ் எனப் பெயர் சூட்டினர். ஊனுண்ணி என்றே முதலில் கருதினர். பின்னரே அது தழையுண்ணி எனத் தெளிந்தது.

அந்த எலும்பை நாம் இன்று எங்கும் காண இயலாது. ஈரத்தில் ஊறிய அது பொடிந்து சிதைந்துவிட்டது. எஞ்சியவை சில கோட்டுப் படங்களே. ஆகவே, எலும்பா அன்றிக் கல்லாகிய மரமா என்றுகூட அயல்நாட்டார் ஐயுற்றனர். 2022இல் பழைய புகைப்படங்கள் சில வெளியான பின்னரே அந்த ஐயம் ஓரளவு தணிந்தது.

இத்தகைய எலும்பை எவ்வாறு காப்பது? கை முறிந்த பிள்ளைக்கு மாவுக்கட்டுப் போடுகிறோமல்லவா, அதுவேதான்! சுற்றிலும் மண்ணைத் தோண்டி, எலும்பின்மீது நனைந்த மெல்லிய தாளை ஒட்டி, மாவில் தோய்த்த சாக்குத்துணியால் பொதிவர். கட்டு இறுகியதும் புரட்டி எடுப்பர். ஆய்வுக்கூடத்தில் ஊசியும் தூரிகையும் கொண்டு கல்லை அகற்றிப் பசை ஊட்டுவர். ஓர் எலும்புக்கே பல மாதங்கள் பிடிக்கலாம். பிறகு சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுப்பர். நோன்புக் காலத்தில் கடற்பாசி காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றும் தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கிண்ணத்தின் பூவேலை முழுவதும் கடற்பாசியில் பதிவதுபோல, எலும்பின் நுண்ணிய கீறலும் அந்த ரப்பரில் பதியும். அவ்வச்சினுள் கண்ணாடி இழையோ மாவோ இட்டு வார்ப்பர். பல அருங்காட்சியகங்களில் நாம் அண்ணாந்து பார்ப்பது இந்த வார்ப்பைத்தான்; மூல எலும்பு அறைக்குள் பத்திரமாக இருக்கும்.

கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாரப்பாசாரஸ் என்னும் டைனோசரின் முழுக்கூடு 1977இல் நிறுத்தப்பட்டது. (கணக்குப் பார்க்கும் இடத்தில் டைனோசரா என வியக்காதீர்கள், அங்கே நிலவியல் பிரிவும் உண்டு.) கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஏறத்தாழ 300 எலும்புகளிலிருந்து உருவான விலங்கு அது. கல்லமேட்டு எலும்புக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.