அயலுறுப்பும் உடற்காவலும்

பழுதுற்ற கல்லீரலை அகற்றி, பிறரிடமிருந்து பெற்ற கல்லீரலைப் பொருத்துதல் அரிய அறுவை மருத்துவம். அதனினும் அரியது, அவ்வுறுப்பை உடல் ஏற்குமாறு செய்தல். நம் குருதியிலுள்ள வெள்ளணுக்கள் அயலானதைக் கண்டவுடன் தாக்கும் இயல்பின. வந்தது நோய்க்கிருமியா, உயிர்காக்க வந்த உறுப்பா என அவை பிரித்தறியா. புதிய கல்லீரலின்மீது அவை தொடுக்கும் இத்தாக்குதலையே ‘நிராகரிப்பு’ என்பர்.

1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் இவ்வறுவையை மனிதரிடம் முதன்முதலாகச் செய்தார். குருதிப்பெருக்கால் அக்குழந்தை பிழைக்கவில்லை. 1967இல் அறுவை பெற்ற சிறுமியோ ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தாள். எனினும் 1970களில் ஓராண்டைக் கடந்தோர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே. அந்நிலையை மாற்றியது, மண்ணில் வாழும் பூஞ்சையிலிருந்து கிடைத்த சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து. 1984இல் ஜப்பானிய மண்ணின் நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. 1989இல் அது கல்லீரல் மாற்றுப் பெற்றோர்க்கு முதலில் அளிக்கப்பட்டது. இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் பத்தில் ஒன்பது பேரளவில் ஓராண்டைக் கடக்கின்றனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்வோரும் உளர்.

நிராகரிப்பு இருவகைப்படும். உடனடி நிராகரிப்பு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் நிகழ்வது. நோயாளிக்குத் துன்பம் ஏதும் தோன்றாமலே அது தொடங்கலாம். குருதிச் சோதனையே முதலில் அறிவிக்கும். திசு ஆய்வால் உறுதிசெய்து ஸ்டீராய்டு மருந்து அளித்தால் பெரும்பாலும் தணியும். நாட்பட்ட நிராகரிப்பு அத்தகையதன்று. ஈரலினுள் உள்ள பித்த நாளங்கள் மெல்ல மெல்ல அழியும். முற்றிவிடின் மறுமுறையும் உறுப்பு மாற்ற நேரும்.

காவலைத் தளர்த்தும் மருந்துக்கு விலையும் உண்டு. கிருமித்தொற்று, சிறுநீரகப் பழுது, நீரிழிவு, இரத்த அழுத்தம், சிலவகைப் புற்றுநோய் ஆகியன வரக்கூடும். மிகுந்தால் இவை தாக்கும். குறைந்தால் நிராகரிப்புத் தாக்கும். ஆதலின் மருத்துவர் குருதியில் மருந்தின் அளவை அளந்தளந்து, காலம் செல்லச் செல்லக் குறைத்துத் தருவர். மிகச் சிலர் மருத்துவக் கண்காணிப்பில் மருந்தின்றியே வாழும் நிலையை எய்துகின்றனர். அவர் யாரென முன்கூட்டி உறுதியாக அறியும் வழி இன்னும் கைவரவில்லை.

ஆகவே, “நலமாகத்தானே இருக்கிறேன், இனி மருந்து எதற்கு?” என்னும் எண்ணமே பேரிடர். அந்நலம் அம்மருந்து தந்தது. அறுவை சில மணி நேரத்தில் முடிகிறது. அதைக் காக்கும் பொறுப்போ நோயாளியும் குடும்பத்தாரும் வாழ்நாள் முழுதும் ஏற்க வேண்டியது. ஒருவர் ஈந்த உறுப்புக்கு நாம் செய்யக்கூடிய நன்றியும் அதுவே.