கப்பலுக்கும் உண்டு மார்க்கா!

மூட்டையின் மேலுள்ள மார்க்காவைப் பார்த்ததுமே இது எந்த மில் பருப்பு, எந்த ஊர் அரிசி என்று சொல்லிவிடும் அனுபவம் நம் வணிகர்களுக்கு உண்டு. கடலில் செல்லும் கப்பலுக்கும் அப்படி ஒரு மார்க்கா இருந்தது. அதுதான் கம்பெனிக் கொடி. வானொலித் தொடர்பு இல்லாத காலத்தில், தொலைவில் வரும் கப்பல் யாருடையது என்பதைக் கொடியையும் புகைபோக்கியின் வண்ணத்தையும் வைத்தே துறைமுகத்தில் அறிந்துகொண்டார்கள்.

கப்பலில் பறக்கும் கொடிகள் எல்லாம் ஒன்றல்ல. பின்பக்கக் கம்பத்தில் பறப்பது கப்பல் பதிவான நாட்டின் கொடி. உயரே பாய்மரத்தில் பறப்பது உரிமையாளரின் கொடி. நாட்டின் கொடியை மட்டும் பார்த்து முதலாளியைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த அடையாளக் கொடிகளில் ஜெர்மன் கம்பெனிகளுடையவை பெயர் பெற்றவை. 1847-ல் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய ஹாபாக் கம்பெனியின் கொடி மூலைக்கு மூலை பிரிந்து வெள்ளையும் நீலமுமாக இருக்கும். நடுவில் நங்கூரமும், கம்பெனி எழுத்துகள் பொறித்த மஞ்சள் கேடயமும் இருக்கும். 1857-ல் பிரெமன் நகரில் தோன்றிய நார்த் ஜெர்மன் லாயிட் கம்பெனிக்கு வெள்ளைக் கொடி. அதில் நீல நங்கூரமும் சாவியும் குறுக்கே நிற்கும். சாவி பிரெமன் நகரத்தின் சின்னம். ஊர்ப் பெருமையைக் கடலுக்கும் கொண்டு சென்றார்கள்!

நம் நாட்டோடு நீண்ட காலம் வாணிபம் செய்த ஹான்சா கம்பெனியும் 1881-ல் பிரெமனில் தொடங்கியதுதான். அதன் கப்பல் பெயர்கள் பெரும்பாலும் 'ஃபெல்ஸ்' என்று முடியும். ஜெர்மன் மொழியில் பாறை என்று பொருள். கொடி தெரியாவிட்டாலும் பெயரை வைத்தே கம்பெனியைச் சொல்லிவிடலாம்.

ஆனால் தோற்றத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? 22.9.1914 இரவில் சென்னையைத் தாக்கி, துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த 'எம்டன்' கப்பலை நாம் அறிவோம். அது ஜெர்மன் போர்க்கப்பல். அதற்கு நிலக்கரி சுமந்து உடன் வந்த 'மார்க்கோமானியா' ஹாபாக் கம்பெனியின் சரக்குக் கப்பல். எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பிரிட்டிஷ் கப்பலான 'யார்மத்'துக்கு நான்கு. எனவே எம்டன் பொய்யாக நான்காவது புகைபோக்கியை மாட்டிக்கொண்டு, 28.10.1914 அன்று பினாங்கு துறைமுகத்தில் புகுந்து தாக்கியது. அசல் யார்மத்தோ அதற்கு முன்பே மார்க்கோமானியாவை மூழ்கடித்திருந்தது. சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்று நம் மக்கள் இன்றும் சொல்வது சும்மா வந்ததல்ல.

கொடிகளும் நிலையாக நிற்கவில்லை. போட்டியாளர்களாக இருந்த ஹாபாக்கும் லாயிடும் 1970-ல் இணைந்து ஹாபாக்-லாயிட் ஆயின. ஹான்சா 1980-ல் நொடித்துப்போனது. 1871-ல் பிறந்த ஹாம்பர்க் சூட் கம்பெனியை, பேக்கிங் பவுடரில் பெயர் வாங்கிய ஓட்கர் குடும்பம் பல்லாண்டுகள் நடத்தியது. நம் கடை அலமாரியில் இருக்கும் 'டாக்டர் ஓட்கர்' அவர்களுடைய பெயரே. அந்தக் கப்பல் கம்பெனியை 2017-ல் டென்மார்க்கின் மெர்ஸ்க் வாங்கியது.

இன்று கொடியின் வேலையைக் கன்டெய்னர் பெட்டி செய்கிறது. சென்னீர்குப்பம், பூந்தமல்லி பக்கம் டிரெய்லர் லாரிகளில் போகும் பெட்டிகளைச் சற்றுக் கவனியுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஹாபாக்-லாயிட் பெயரும் தென்படும். நிறத்தைவிட முக்கியமானது பெட்டி எண். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரின் குறி. நான்காவது 'யு' என்பது அது சரக்குக் கன்டெய்னர் என்பதற்கான குறி. பிறகு ஆறு இலக்கம். கடைசியாக ஒரு சரிபார்ப்பு இலக்கம். 'எச்.எல்.எக்ஸ்.யு.' என்று தொடங்கினால் ஹாபாக்-லாயிட் பெட்டி. எழுத்தோ இலக்கமோ தவறாக எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் அந்தக் கடைசி இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

பாதாம், பேரீச்சை போன்ற இறக்குமதிச் சரக்கை எடுக்கும் நம் மொத்த வியாபாரிகள் மூன்றைக் கடைப்பிடிப்பது நல்லது. பெட்டி எண்ணைக் கப்பல் ரசீதோடு, அதாவது பில் ஆஃப் லேடிங்கோடு, ஒப்பிட வேண்டும். சீல் உடையாமல் இருக்கிறதா, அதன் எண் ரசீதில் உள்ளதா என்று திறப்பதற்கு முன்பே பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் லாரிக்காரர் முன்னிலையிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டு, கிளியரிங் ஏஜென்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பெட்டி வாடகைப் பெட்டியாகவும் இருக்கலாம். ஆகவே சரக்குக்குப் பொறுப்பு யார் என்பதைப் பெட்டியின் பெயர் அல்ல, ரசீதே சொல்லும்.

மார்க்கா நம்பிக்கை தரும். கணக்குச் சீட்டு அதை உறுதி செய்யும். கடலிலும் கடையிலும் இதுவே வழக்கம்.