ஓநாய் மனிதனுக்கும் அப்டேட் உண்டு! காசு கொடுத்து வாங்கிய விதிப் புத்தகம் மாறலாமா?

மொபைல் கேமில் ஒரு கேரக்டர் ஓவர் பவரா இருந்தா, அடுத்த அப்டேட்டில் குறைச்சிடுவாங்க. ஆனா, அச்சடித்து விற்ற புத்தகத்தில் இருக்கும் அரக்கனை எப்படிக் குறைப்பது? 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ரசிகர்கள் பல வருஷமா இதைத்தான் பேசிட்டிருக்காங்க. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' சீரிஸில் சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்களே, அதே விளையாட்டுதான்.

அரக்கனுக்கு எதற்கு விதி?

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய விளையாட்டு இது. ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. அவர்தான் கதையை நகர்த்துவார், அரக்கர்களையும் இயக்குவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக விளையாடுவார்கள். ஒவ்வொரு அரக்கனும் எவ்வளவு அடி தாங்கும் (ஹிட் பாயிண்ட்), எவ்வளவு ஆபத்தானது (சேலஞ்ச் ரேட்டிங்) என்பதெல்லாம் 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் இருக்கும். இந்தக் கணக்கில் தப்பு இருந்தால், மாதக்கணக்கில் வளர்த்த வீரர் அநியாயமாகச் செத்துப்போகலாம். அதனால் 'எர்ராட்டா' என்ற பெயரில் திருத்தங்கள் வருகின்றன.

ஒரே ஒரு சொல்

2014 மான்ஸ்டர் மேனுவலில் ஓநாய் மனிதனுக்கு ஹிட் பாயிண்ட் 58, சேலஞ்ச் ரேட்டிங் 3. பார்க்க சாதாரண எண்கள்தான். ஆனால், மந்திர சக்தி இல்லாத, வெள்ளி பூசாத 'ஆயுதங்கள்' வெட்டினாலும் குத்தினாலும் அவனுக்கு ஒன்றுமே ஆகாது. சரி, கரடியின் நகம் ஆயுதமா? குழப்பம்! பிறகு வந்த திருத்தத்தில் 'ஆயுதங்கள்' என்பது 'தாக்குதல்கள்' என்று மாறியது. இப்போ கரடி பிறாண்டினாலும் ஒன்றும் ஆகாது. ஆனா, மலையிலிருந்து விழுந்தா அடிபடும். ஏன்னா, விழுவது 'தாக்குதல்' இல்லை!

பெரிய சிக்கல் அப்படியே இருந்தது. கையில் வெள்ளியோ மந்திரமோ இல்லாத குழு, எத்தனை முறை வெட்டினாலும் பலன் பூஜ்யம். 2025-ல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவல் அந்தப் பாதுகாப்பையே நீக்கிவிட்டது. சண்டை நியாயமானது. ஆனால், வெள்ளியைத் தேடி அலையும் கதையின் சுவாரஸ்யம் போச்சு என்பது சிலரின் வருத்தம்.

கணக்கே தப்பானால்?

2008-ல் வந்த நான்காம் பதிப்பில் பிரச்னை வேறு. அரக்கர்கள் நிறைய அடி தாங்கினார்கள், திருப்பி அடிப்பதோ குறைவு. யார் ஜெயிப்பார் என்று தெரிந்த பிறகும் சண்டை இழுத்துக்கொண்டே போகும். 2010-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல் 3' அரக்கர்களின் அடியைக் கூட்டியது. அதே கணக்கு விதித் திருத்தமாகவும் வெளியானது. பலன், பழைய புத்தகத்தை வைத்திருந்தவர்களும் பேனாவால் எண்ணை மாற்றி எழுதிக்கொண்டு விளையாட முடிந்தது.

புத்தகத்தில் இருக்கு, ஆப்பில் இல்லை

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. 2021 டிசம்பரில், 'வோலோஸ் கைடு டு மான்ஸ்டர்ஸ்' நூலில் பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற அரக்கர்களின் குணத்தை விவரிக்கும் சில பத்திகளை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் நீக்கியது. ஒரு இனத்தையே 'பிறவியிலேயே கெட்டது' என்று காட்டலாமா என்ற விவாதம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அச்சுப் புத்தகம் வைத்திருந்தவர்களிடம் அந்தப் பத்திகள் பத்திரமாக இருந்தன. டிஜிட்டலில் காசு கொடுத்து வாங்கியவர்களின் பிரதியிலோ காணாமல்போயின.

2024 ஆகஸ்ட்டில் இன்னொரு சர்ச்சை. டி அண்ட் டி பியாண்ட் தளத்தில், வீரர்களின் பழைய மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதிய விதிக்கு மாற்றப்படும் என்று அறிவிப்பு வந்தது. பழையது வேண்டுமென்றால் நாமே டைப் செய்து சேர்க்க வேண்டும்! ரசிகர்கள் கொதித்தெழ, சில நாள்களிலேயே முடிவு வாபஸ்.

அப்போ எதை ஃபாலோ பண்றது?

திருத்தம் தப்பே இல்லை. தப்பான கணக்கைச் சரிசெய்யாமல் விடுவதுதான் தப்பு. ஆனால், 'இதை இப்படி மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்வது வேறு, வாங்கியவரைக் கேட்காமல் அவர் பிரதியையே மாற்றுவது வேறு. பழையதை அப்படியே வைத்துவிட்டு, மாற்றத்தைப் பக்கத்தில் காட்டினாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

புதிதாக விளையாட ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். முதல் பகடையை உருட்டுவதற்கு முன்பே எந்த ஆண்டுப் புத்தகம், எந்தத் திருத்தம் என்று குழுவாகப் பேசி முடிவு செய்யுங்கள். அதன் பிறகும் குழப்பம் வந்தால், டன்ஜன் மாஸ்டர் சொல்வதே இறுதித் தீர்ப்பு. அந்த உரிமையை எந்த அப்டேட்டும் பறிக்க முடியாது.