கைக்குழந்தையோடு அந்தமான் போறீங்களா?

“டாக்டர், லீவுக்கு அந்தமான் டிக்கெட் போட்டாச்சு. பாப்பாவுக்கு எட்டு மாசம். சளி, ஜுரம் வராம இருக்க ஏதாவது மருந்து கொடுங்க!”

இளம் பெற்றோர்கள் இப்போதெல்லாம் இப்படிக் கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். முதலில் டிக்கெட், அப்புறம் ஹோட்டல், கடைசியில்தான் குழந்தை! அப்படி முன்கூட்டியே கொடுத்துக் காப்பாற்றுகிற மருந்து சித்த மருத்துவத்திலும் கிடையாது, ஆங்கில மருத்துவத்திலும் கிடையாது. குழந்தையைக் காப்பாற்றுவது நீங்கள் போடுகிற திட்டம்தான். எந்த மாதம் போவது, எத்தனை ஊர் சுற்றுவது, எந்த நேரத்தில் வெளியே வருவது, வாயில் என்ன போவது... இந்த நான்கும் சரியாக இருந்தால் தாராளமாகப் போய் வரலாம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம்தான் (2024-ல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்). கொடைக்கானலுக்குக் காரில் போவதைவிடச் சீக்கிரம்! அதனால்தான் பலரும் “கிட்டத்தானே” என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கொடைக்கானலில் நடுராத்திரி குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் காரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கலாம். ஹேவ்லாக் தீவில் ராத்திரி பத்து மணிக்கு அப்படி ஆனால்? பெரிய ஆஸ்பத்திரியான ஜி.பி. பந்த் மருத்துவமனை போர்ட் பிளேரில் இருக்கிறது. நடுவே கடல். படகில் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம், அதுவும் பகலில். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த வயதில் போகலாம்?

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியை எவ்வளவு அழகாகப் பிரித்திருக்கிறார்கள்! ஐந்தாம் மாதம் தலையை நிமிர்த்தி ஆட்டும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கை கொட்டும் சப்பாணி, வயது ஒன்று நிரம்பித் தளர்நடை போட்டு வரும் வருகை. பயணத்துக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே உதவுகிறது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு உணவுப் பிரச்னை இல்லை. தாய்ப்பால் ஒன்றே போதும். ஆனால் அதன் உடம்புக்குச் சூட்டைத் தாங்கும் சக்தி குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், வியர்த்துச் சூடு தணிவதும் குறைவு. அவசியமான பயணம் என்றால் சரி, கடற்கரை பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. நடக்க ஆரம்பித்த பிள்ளைக்கு வேறு ஆபத்து. அது கடலைப் பார்த்ததும் ஓடும்! இரண்டுக்கும் நடுவே, ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட்டபின், நடை பழகும் முன் போவதுதான் எனக்குத் தெரிந்து சுலபமான காலம். இடுப்பில் அடங்கும், கஞ்சி, குழைந்த சாதம் எல்லாம் சாப்பிடும். இரண்டு வயது ஆகும்வரை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள்.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மே மாதம் பிறந்தால் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் வடகிழக்கு. கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அதனால் எந்த மாதம் போனாலும் ஊர் திரும்பும் முந்தைய ராத்திரி போர்ட் பிளேரிலேயே தங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராவல்ஸ்காரர்கள் ஐந்து நாளில் ஏழு இடம் என்று பட்டியல் கொடுப்பார்கள். அதில் பாதியை அடித்துவிடுங்கள். பாராட்டாங் சுண்ணாம்புக் குகைக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும், நாள் முழுக்கப் பிரயாணம். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். போர்ட் பிளேரில் இரண்டு நாள், ஹேவ்லாக் அல்லது நீல் ஏதாவது ஒரு தீவில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். ஒவ்வொரு முறை படுக்கை மாறும்போதும் குழந்தையின் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் பசி கெடும். பசி கெட்டால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி கெடும்!

இன்னொரு விஷயம். தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை ஹோட்டல் கட்டிலில் தூங்காது. தூளி கட்ட அங்கே கொக்கி இருக்காது. ஃபேன் கொக்கியில் கட்டும் விபரீதமெல்லாம் வேண்டாம். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே தரையில் பாய் விரித்துப் படுக்கப் பழக்குங்கள். கூடவே ஒரு பழைய நூல் புடவை எடுத்துக்கொள்ளுங்கள். விரிக்க, போர்த்த, வெயில் மறைக்க, பால் கொடுக்கும்போது மூட... அதைப்போல் உதவும் சாமான் வேறு இல்லை.

விமானத்தில் தூங்க வைக்க மருந்தா?

“ஒரு ஸ்பூன் சளி மருந்து கொடுத்தா நல்லா தூங்கிடும்” என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். தூக்கம் தரும் அந்த ரக மருந்துகளில் ஒன்றான ப்ரோமெதசின் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடும். சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023-ல் சொல்லிவிட்டது. அதேபோல் சூடத்தைப் பொடித்துக் கைக்குட்டையில் முடிந்து குழந்தையின் மூக்கருகே வைப்பதும் தப்பு. சூடம் குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும்.

விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைத்துக் குழந்தை வீறிடும். அப்போது மார்பில் போட்டுப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். பெரிய குழந்தையானால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வையுங்கள். காதில் எண்ணெய் ஊற்ற வேண்டாம்.

படகில் பெரும்பாலும் வாந்தி எடுப்பது குழந்தை அல்ல, அம்மாதான்! இரண்டு வயதுக்குள் குமட்டல் அபூர்வம். தாய்க்கு இஞ்சி முரப்பா ஒரு துண்டு போதும். படகின் நடுப்பகுதியில் உட்காருங்கள். குழந்தை அப்பாவிடம் இருக்கட்டும்.

அந்தமான் கடிகாரம்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அந்தமான் நம் சென்னைக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. ஆனால் கைக்கடிகாரத்தில் அதே இந்திய நேரம்தான். விளைவு? அங்கே சூரியன் சென்னையைவிட முக்கால் மணி நேரத்துக்கும் முன்னதாகவே உச்சிக்கு வந்துவிடுகிறது. நமக்குப் பன்னிரண்டு மணி வெயில் என்றால் அங்கே அது பதினொன்றே காலுக்கே! “பத்து மணிக்குள்ள பீச்சுக்குப் போயிட்டு வந்துடலாம்” என்ற சென்னைக் கணக்கு அங்கே செல்லாது. எட்டரைக்கெல்லாம் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். மறுபடி மூன்றரைக்கு மேல் வரலாம். ஜனவரியில் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். உங்கள் பிள்ளையும் விடிகாலை ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்ளும். திட்டாதீர்கள், அதன் கணக்கு சரிதான். மாலை ஏழு மணிக்குத் தூங்க வைத்துவிடுங்கள்.

வெயிலுக்கு நிழல், தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் துத்தநாகம் (ஜிங்க் ஆக்சைடு) கலந்த சன்ஸ்கிரீன் தடவலாம், அதற்குக் கீழே வேண்டாம். தேங்காய் எண்ணெய் பூசினால் வெயில் சுடாது என்பது நம்பிக்கைதான். கடல் தண்ணீர் பட்டதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். குளிக்கப் பாசிப்பயறு மாவு போதும். வேர்க்குரு வந்தால் பவுடரைக் கொட்டாதீர்கள். குழந்தை மூச்சில் இழுத்துவிடும். காற்றாட விடுங்கள், தானே அடங்கும்.

காலையும் மாலையும்தான் கடற்கரை என்றேன். சிக்கல் என்னவென்றால், மணல் ஈக்களுக்கும் அந்த நேரம்தான் பிடிக்கும்! கண்ணுக்கே தெரியாது. கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். ஈர மணலில் குழந்தையை நேராக உட்கார வைக்காமல் கனமான விரிப்பின் மேல் வையுங்கள். ராத்திரிக்குக் குடை மாதிரி மடங்கும் கொசுவலை ஒன்றைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். மூடிய அறைக்குள் நொச்சிப் புகை போடுவதெல்லாம் கைக்குழந்தைக்கு ஆகாது. கொசு விரட்டிக் களிம்பு இரண்டு மாதத்துக்குக் கீழே கூடாது. எந்த வயதிலும் கையில் தடவாதீர்கள், கை வாய்க்குத்தானே போகும்.

கடலில் இறங்குவது பற்றி ஒரு வார்த்தை. குழந்தை மூழ்க ஒரு ஜாண் தண்ணீர் போதும். அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில், செல்போனைப் பையில் போட்டுவிட்டு இருக்க வேண்டும். அந்தமானில் உப்பு நீர் முதலைகளும் உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள்.

வாய்க்குள் என்ன போகிறது?

என்னைக் கேட்டால் முழுப் பயணத்திலும் முக்கியமானது இதுதான். வெயிலைப் பார்த்ததும் பாட்டிமார்கள், “தொண்டை வறண்டு போகும், ரெண்டு பாலாடை தண்ணி குடு” என்பார்கள். ஆறு மாதத்துக்குக் கீழே எவ்வளவு வெயில் அடித்தாலும் தண்ணீர், இளநீர் எதுவும் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே தண்ணீர் இருக்கிறது. அடிக்கடி கொடுங்கள், தாய் நிறையத் தண்ணீர் குடிக்கட்டும்.

ஆறு மாதத்துக்கு மேல் கொதித்து ஆறிய நீர். பால் பாட்டிலை வெளியூரில் சுத்தமாக வைத்திருப்பது பெரும்பாடு. எவர்சில்வர் பாலாடையோ, சின்னக் கிண்ணமும் ஸ்பூனுமோ நல்லது. சட்டென்று கழுவிக் கொதிநீரில் போடலாம். பால் பவுடர் கலந்தால் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள். காசு போனால் போகட்டும்.

வீட்டிலேயே அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்த கஞ்சி மாவு, ஏத்தங்காய்ப் பொடி இரண்டையும் எடுத்துக்கொண்டால் வெந்நீர் வைத்துக் காய்ச்சிக்கொள்ளலாம். போர்ட் பிளேரில் நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அபர்தீன் பஜார் பக்கம் சூடான இட்லி கிடைக்கும். குழந்தைக்கு அதைவிட உத்தமமான ஓட்டல் பண்டம் கிடையாது. மீன், இறால் எல்லாம் ஊரில் சாப்பிட்டுப் பழகியிருந்தால் மட்டும். புது உணவை ஆரம்பிக்கத் தீவு சரியான இடமில்லை.

நாட்டு மருந்துக்கும் இதேதான். உரை மாத்திரையோ ஓமத் தீநீரோ மருத்துவர் சொல்லி ஏற்கெனவே கொடுத்துப் பழகியிருந்தால் எடுத்துப் போகலாம். வழியில் யாரோ சொன்னார்கள் என்று வசம்பு சுட்டு நாக்கில் தேய்ப்பது, பெயர் தெரியாத செந்தூரம் வாங்குவது கூடவே கூடாது. ஒரு வயதுக்குக் கீழே எதையும் தேனில் குழைத்துத் தராதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் குடலில் பெருகி நரம்பைத் தாக்கும். பழைய முறை என்பதற்காக இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

மருந்துப் பையில் முதலில் இருக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். பாக்கெட். அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானம் அல்ல, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பொடி. வயிற்றுப்போக்கு ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனபின்பும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கூடவே காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சிரப், தெர்மாமீட்டர். குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று உங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தை துவண்டு கிடந்து, கண் குழி விழுந்து, உச்சிக்குழி உள்ளே அமுங்கினால் “உரம் விழுந்துடுச்சு” என்று புடவையில் போட்டு உருட்டி எடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்! அது உடம்பில் தண்ணீர் வற்றியதன் அடையாளம். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, பால் குடிக்க மறுக்கிறது, எது கொடுத்தாலும் வாந்தி, மலத்தில் ரத்தம்... இவற்றில் ஒன்று இருந்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், “காலையில பார்த்துக்கலாம்” என்று இருக்காதீர்கள். தீவில் இறங்கியதுமே சுகாதார நிலையம் எங்கே என்று ஹோட்டலில் விசாரித்து, ராத்திரியில் வண்டி கிடைக்குமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு மாதம்வரை கவனம் வேண்டும். அந்தமான் நிக்கோபாரில் மலேரியாவும் டெங்குவும் உண்டு. கடித்த கொசுவின் பலன் சில நாள் கழித்தும் தெரியலாம், மலேரியாவானால் சில வாரம் கழித்தும் தெரியலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் நிலவேம்புக் குடிநீர் வைத்துக் கொடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அந்தமான் போய் வந்ததையும், திரும்பி எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அன்றே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்.